வால்வு மீட்டருக்குப் பேரீச்சம்பழம்!

பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருகிற தள்ளுவண்டியைச் சென்னையில் இப்போது பார்ப்பதே அபூர்வம். ஆனால் அந்த வியாபாரம் மட்டும் ஜோராக நடக்கிறது. கல்லூரி லேபிலோ கம்பெனி ஸ்டோரிலோ இடம் போதவில்லை என்றால் முதலில் காயலான் கடைக்குப் போவது எது? வால்வு போட்ட ஆசிலாஸ்கோப், வால்வு வோல்ட்மீட்டர், சிக்னல் ஜெனரேட்டர். கடைக்காரருக்கு வேண்டியதெல்லாம் டிரான்ஸ்பார்மரில் உள்ள செம்பு. மிச்சம் குப்பை.

அம்பத்தூர், ஆவடி பக்கம் இப்படி நடப்பதுதான் கொடுமை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-ல். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு தயாரிக்க ஆரம்பித்ததும் அதே வருடம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. அகில இந்திய வானொலி ஆவடியிலிருந்தும் சிற்றலையில் ஒலிபரப்பியது. உலகம் முழுக்கவே எலக்ட்ரானிக்ஸ் டெஸ்டிங் என்றால் பெரும்பாலும் வால்வுதான் என்றிருந்த காலம் அது. இந்த வட்டாரம் வளர்ந்த காலமும் அதுவே.

"அதான் டிஜிட்டல் வந்தாச்சே, இந்த முப்பது கிலோ பெட்டி எதுக்கு?" என்பார்கள். வேலைக்கு டிஜிட்டல்தான் நல்லது, அதில் சண்டையே இல்லை. படிப்புக்கு?

ஒரு சர்க்யூட்டில் 10 வோல்ட் உள்ள புள்ளி. அதன் சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் 200 கிலோ ஓம். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள சாதா முள் மல்டிமீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் மீட்டரே 200 கிலோ ஓம் லோடாகிவிடும். முள் 5 வோல்ட்டில் நிற்கும்! 11 மெகா ஓம் உள்ள வால்வு வோல்ட்மீட்டர் 9.8 காட்டும். இன்றைய டிஜிட்டல் மீட்டரும் ஏறக்குறைய அதையேதான் காட்டும். ஆனால் ஏன் என்று கேட்டால் பல மாணவர்களுக்குப் பதில் தெரியாது. அளக்கிற கருவியே அளவைக் கெடுக்கும் என்ற பாடம் பழைய மீட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டே நிமிடத்தில் புரிந்துவிடும்.

இன்னொன்று. ஹியூலெட்-பேக்கார்ட் கம்பெனி 1939-ல் விற்ற முதல் கருவி 200ஏ ஆடியோ ஆசிலேட்டர். அதன் ரகசியம் ஒரு குட்டி பல்பு! அலை பெரிதானால் பல்பின் இழை சூடாகும், அதன் மின்தடை கூடும், ஆம்ப்ளிஃபையரின் கெய்ன் தானாகக் குறையும். ஃபீட்பேக் என்றால் என்ன என்று கரும்பலகையில் ஒரு மணி நேரம் எழுதுவதை விட, மூடியைத் திறந்து அந்த பல்பைக் காட்டுவது மேல். ஐ.சி.க்குள் எதைக் காட்ட முடியும்?

காயலான் கடையை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆடியோ பைத்தியம் பிடித்தவர்களும் இதில் கூட்டுக் களவாணிகள். ஆம்ப்ளிஃபையருக்காக நல்ல ஆசிலாஸ்கோப்பின் வால்வுகளைப் பிடுங்கிக்கொண்டு வெறும் பெட்டியைத் தூக்கி எறிவது ரசனை அல்ல, கொள்ளை.

ஆபத்து என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அதற்கும் வழி உண்டு: பழைய எலக்ட்ரோலிடிக், பேப்பர் கெப்பாசிட்டர்களை மாற்றி, எர்த் கொடுத்து, முதல் தடவை சீரீஸ் பல்பு வழியாக ஆன் செய்ய வேண்டும். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்த விஷயம் தெரிந்தவர்கள்தான் வேகமாகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் ரிடையரான டெக்னீஷியன்களை ஒரு மதியம் கல்லூரிக்கு அழைத்து, டீ கொடுத்து, ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னால் என்ன செலவாகிவிடும்? கல்லூரிக்கு ஒரு ஆசிலாஸ்கோப், ஒரு வோல்ட்மீட்டர், ஒரு ஆசிலேட்டர் போதும். மற்றதைக் கழித்துக் கட்டுவதற்கு முன் மேனுவலையாவது ஸ்கேன் செய்து வைக்கலாம்.

பேரீச்சம்பழம் தின்றால் கொட்டையாவது மிஞ்சும். இந்த வியாபாரத்தில் அதுகூட மிஞ்சாது.