பிள்ளைக்குத் தாய் நெஞ்சே சூடு

தாய்மார்களே! கங்காருக் குட்டி பிறக்கும்போது ஓர் அவரை விதை அளவுதான்; எடை 1 கிராம்கூட இருக்காது. கண் திறக்காத அந்தக் குட்டி தானே ஊர்ந்து தாயின் வயிற்றுப் பைக்குள் போய், காம்பைக் கவ்விக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே வளரும்.

நாம் என்ன செய்கிறோம்? குறைமாதப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தொட்டிலில் போடுகிறோம். தூக்கினால், “கை பழகிடும், கீழே போடு” என்கிறார்கள் பாட்டிமார்கள். பழகட்டுமே! அந்தச் சூடுதானே அதற்கு மருந்து?

1978-இல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கர் ரே குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு கட்டிவிட்டார். இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. காத்திருந்து அணைத்த பிள்ளைகளைவிட, பிறந்ததுமே அணைத்த பிள்ளைகளிடம் சாவு கால்பங்கு குறைவு. 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பிள்ளைக்குத் தொப்பியும் இடுப்புத் துணியும் போதும். சட்டையில்லாத நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, துணியால் கட்டுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு அடைபடாமல் இருக்கட்டும். தாய்ப்பால் கொடுங்கள். பால் குடிக்காவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்போது சோறாக்குவது யார்? ஆண்களே, உங்களைத்தான் கேட்கிறேன்! உங்கள் நெஞ்சிலும் சூடு உண்டு. சட்டப்படி 2023 முதல் தாய்க்கு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள் லீவு. நிபந்தனைகளைச் சங்கத்தில் கேட்டு, லீவை எடுத்து, பிள்ளையைத் தூக்குங்கள்.