சீனியும் சீலமும்

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புகையில், நம் சங்கக் குடும்பத்து மூதாட்டி ஒருவர் நம்மைக் கைகாட்டி நிறுத்தினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இவ்வூருக்கு வாழவந்து நாற்பது ஆண்டு கண்டவர். பெங்களூரிற் படிக்கும் அவருடைய பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கும் விரதம் பூண்டவன். 'வீகன்' என்பது அதன் பெயர். 1944இல் இங்கிலாந்திற் பிறந்த சொல். அவனுக்காகப் பாட்டி, தட்டில் நெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் தடவித் தேங்காய் பர்பி செய்து வைத்தார். அவன் அதையும் தொடவில்லை. வெள்ளைச் சீனியை மாட்டெலும்புக் கரியால் வெளுக்கிறார்கள் என்று காரணம் கூறினானாம்.

"பிள்ளை தின்னாததுகூடப் பெரிதில்லை, தம்பி. நாற்பது வருஷமாய் இந்தப் பிள்ளையாருக்கு எலும்புச் சீனியையா படைத்தேன்?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

சிரித்து ஒதுக்கத்தக்க வினாவன்று இது. நேயர் இல்லங்கள் பலவற்றிலும் எழக்கூடியதாதலின் இங்கே விடை கூறுகிறோம்.

பேரன் கூறியது கட்டுக்கதையன்று. மாட்டெலும்பைக் காற்றுப் புகாத கலத்திலிட்டுக் கடுஞ்சூட்டிற் கரியாக்கினால், அக்கரிக்கு நிறத்தை ஈர்க்கும் தன்மை உண்டாகும். பழுப்பான கருப்பஞ்சர்க்கரைக் கரைசலை அதனூடே வடித்தால் நிறம் நீங்கித் தெளிந்து வரும். கரி சீனியிற் கலந்து நிற்பதில்லை; வடிகட்டியாக மட்டுமே பயன்படுகிறது. ஆயினும், உயிர்ப்பொருளைக் கருவியாகவும் கொள்ளலாகாது என்பார்க்கு அது விலக்கே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சுத்திகரிப்பு ஆலைகளில் இம்முறை பரவியிருந்தது. அமெரிக்காவின் கரும்புச் சீனி ஆலைகள் சிலவற்றில் இன்றும் இருக்கிறது.

நம் நாட்டிலும் இக்கவலை புதிதன்று. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தபோது, அந்நியச் சீனி எலும்பாலும் இரத்தத்தாலும் தூய்மை செய்யப்படுவது என்ற பிரசாரம் ஊரெங்கும் பரவியது. ஆசாரமுள்ள இல்லங்கள் அதனை அடுக்களையில் ஏற்கத் தயங்கின. பின்னர் 1932இல் சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது முப்பதளவில் இருந்த ஆலைகள், சில ஆண்டுகளுக்குள் நூற்றுமுப்பதைக் கடந்தன. கடையிற் கிடைக்கும் சீனி பெரும்பாலும் உள்நாட்டுச் சீனியாயிற்று.

இவ்வுள்நாட்டு ஆலைகள் சீனியை எவ்வாறு வெளுக்கின்றன? கரும்புச் சாற்றைச் சூடேற்றிச் சுண்ணாம்புப் பால் விடுகின்றனர். கந்தகம் எரித்த புகையைச் செலுத்துகின்றனர். அழுக்குத் திரண்டு அடியிற் படிகிறது. தெளிந்த சாற்றைப் பாகாக்கி, மறுமுறையும் கந்தகப் புகை செலுத்திக் காய்ச்சி, சுழற்பொறியிலிட்டுப் படிகத்தைப் பிரிக்கின்றனர். நம் மளிகைக் கடைச் சீனியிற் பெரும்பகுதி இவ்வாறு ஆனதே. கந்தகம் சேராத சுத்திகரிப்புச் சீனிக்கும் சுண்ணாம்பும் கரியமில வாயுவும், அன்றிப் பிசின் மணிகளும் பயன்படுகின்றன. எலும்புக்கு இங்கே வேலையில்லை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லவேண்டும். சாலைக் கடைவீதியில் மலையாளக் கடைக்காரரிடம் 'சர்க்கரை' என்றால் வெல்லத்தைத் தருவார். வெள்ளைச் சீனி வேண்டின் 'பஞ்சசார' என்று கேட்கவேண்டும். வெல்லமிட்ட பொங்கலை நாமும் சர்க்கரைப் பொங்கல் என்றே சொல்லுகிறோம். பழைய பொருள் அதிற் பிழைத்திருக்கிறது. வெள்ளைச் சீனிக்கு முதியோர் வழங்கும் 'அஸ்கா' என்னும் பெயரோ, 1936 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கஞ்சம் ஜில்லாவின் அஸ்கா என்ற ஊரால் வந்தது.

இவற்றையெல்லாம் மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விளக்கினோம். பேரனும் கேட்டிருந்தான். "அப்படியானால் பிள்ளையாருக்குக் குற்றமில்லை" என்று அம்மையார் பெருமூச்செறிந்தார். "பாகு எப்படி வைத்தீர்கள்?" என்று பேச்சுவாக்கில் வினவினோம்.

"எப்போதும்போலத்தான். சீனி கொதிக்கையில் அழுக்குத் திரள ஒரு கரண்டி பால்..." என்றவர், வாய்மேல் கை வைத்துக்கொண்டார். பேரன் முதலிற் சிரித்தான், பாட்டியும் சிரித்துவிட்டார். ஆலையிற் சேராதது அடுக்களையிற் சேர்ந்துவிட்டது!

குற்றம் யாரிடத்தும் இல்லை. பாலைச் சைவமென்றே கொண்டது நம் மரபு. பொட்டலத்தின் பச்சைப் புள்ளியும் பால் சேர்ந்த பண்டத்தை ஏற்பதே. பாலும் விலக்குவோருக்கெனத் தனி விதிகளும், பச்சை நிற 'வி' முத்திரையும் 2022இல் வந்துள்ளன. புள்ளியை நம்பாது அம்முத்திரையைத் தேடுவதே அவர்க்குப் பொருந்தும். அமெரிக்காவில் மக்களை வைத்திருக்கும் அன்பர்கள், பீட் கிழங்குச் சீனியோ, 'ஆர்கானிக்' சான்று பெற்ற சீனியோ வாங்கும்படி எழுதலாம். அவற்றிற்கு எலும்புக்கரி பயன்படுவதில்லை.

மறுநாள் அவ்வீட்டிலிருந்து நமக்கு ஒரு கிண்ணம் வந்தது. அரிசி மாவு, தேங்காய்த் துருவல், துணியில் வடிகட்டிய வெல்லப்பாகு, கையிற் படாதிருக்க நல்லெண்ணெய். இவ்வளவே சேர்ந்த கொழுக்கட்டை. பிள்ளையாருக்குப் படைத்த பின்னர்ப் பேரன் ஆறு உண்டானாம். உயிர்க்கு இரங்கும் இளையவனின் விரதமும், பழுதின்றிப் படைக்க விரும்பும் மூத்தவளின் பக்தியும் ஒரே கிண்ணத்தில் அடங்கின. வீட்டுப் பிள்ளைகள் புதிய விரதங்களோடு வருங்கால், முகஞ்சுளிக்குமுன் அவர்களோடு அடுக்களையில் ஒருமுறை உட்கார்ந்து பேசுவோமாக.