துடைப்பம் மக்களுக்கு, சலுகை ஆலைகளுக்கா?

ஒன்றிய அரசின் ஆற்றுத் திட்டங்களில் மிகுதியாகப் புழங்கும் சொல் 'மக்கள் பங்கேற்பு'. கங்கைக் கரைக் கிராமங்களில் தன்னார்வலர்கள் திரட்டப்படுகின்றனர். படித்துறைகள் பெருக்கப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி ஏற்கின்றனர். அமைச்சர்கள் துடைப்பத்துடன் படம் எடுத்துக்கொள்கின்றனர். கரையில் வாழும் மக்கள் தம் ஆற்றைக் காக்க முன்வருவது வரவேற்கத்தக்கதே. அந்தப் பங்கேற்பு எந்த வேலையில், எவ்வளவு அதிகாரத்துடன் என்பதுதான் கேள்வி.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. இதில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர், அதாவது 28 விழுக்காடு மட்டுமே. அதே வாரியம் 2022இல் 279 ஆறுகளில் 311 மாசடைந்த பகுதிகளை அடையாளம் கண்டது. படித்துறையில் மிதக்கும் பூமாலைகளை அள்ளுவதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம், அதை இயக்க மின்சாரம், நிரந்தர ஊழியர்கள் ஆகியவை அரசின் கடமை. கங்கைச் செயல்திட்டம் தொடங்கியது 1986இல். 2015இல் 'நமாமி கங்கே' திட்டத்திற்கு 20,000 கோடி ரூபாய் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதன்கீழ் பல சுத்திகரிப்பு நிலையங்கள் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டன. கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டை வேலை நடக்கும்போதே அரசு தரும். எஞ்சியதை 15 ஆண்டுத் தவணையில் தரும். பணம் முழுவதும் மக்களுடையது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்புகளில் மீனவரும் படகோட்டியும் இல்லை. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்கேற்பு துடைப்பம்தான்.

வேறுவகைப் பங்கேற்பும் உண்டு. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், பம்பையையும் அச்சன்கோவில் ஆற்றையும் இணைக்கும் குட்டம்பேரூர் ஆற்றின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர். மணல் கொள்ளையாலும் ஆக்கிரமிப்பாலும் குப்பையாலும் அது தூர்ந்து, பாசியும் களையும் மூடிய சாக்கடையாகச் சுருங்கியது. புதனூர் ஊராட்சி அதை மீட்கும் பணியை ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் எடுத்தது. சுமார் 700 தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஏறத்தாழ 70 நாட்கள் இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, பிளாஸ்டிக்கையும் களையையும் வாரிக் கரையேற்றினர். 2017 தொடக்கத்தில், கேரளம் கடும் வறட்சியில் தவித்த வேளையில், அந்த ஆற்றில் மீண்டும் நீர் ஓடியது. சுற்றுப்புறக் கிணறுகளிலும் நீர் ஊறியது.

இந்தப் பெண்கள் கூலி பெற்ற தொழிலாளர்கள். இலவச உழைப்பு அவர்களிடம் கேட்கப்படவில்லை. முடிவெடுத்தது ஊராட்சி. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் உள்ளாட்சிகளுக்கு நிதியும் அதிகாரமும் பகிர்ந்தளித்த மாநிலம் அது. அந்த அடித்தளம் இல்லாத இடத்தில் இதே வேலை ஒருநாள் விழாவாக முடிந்திருக்கும்.

எனினும் மண்வெட்டியால் அள்ள முடியாத மாசு ஒன்றுண்டு. அதே கேரளத்தில், ஏலூர்-எடையார் தொழிற்பேட்டையை ஒட்டிப் பாயும் பெரியாற்றில் 2024 மே மாதம் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டுகளில் மீன் வளர்த்தோர் ஓரிரு நாளில் அனைத்தையும் இழந்தனர். பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்ததால் நீரில் ஆக்சிஜன் குறைந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்விலோ அமோனியாவும் சல்பைடும் அபாய அளவில் இருந்தது தெரியவந்தது. ஆண்டது இடது ஜனநாயக முன்னணி அரசு என்பதற்காக இதை மென்று விழுங்க வேண்டியதில்லை. ஆற்றைத் தூர்வார மக்களைத் திரட்டத் தெரிந்த நிர்வாகம், ஆலைக் குழாயின் வாயை அதே மக்கள் கண்காணிக்க இடம் தந்ததா என்று கட்சிக்குள்ளேயே கேட்கப்பட வேண்டும்.

அதற்கான முன்மாதிரியும் ஏலூரிலேயே உண்டு. அபாயகரக் கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு, 2004இல் அங்கு உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழு ஒன்றை ஏற்படுத்தியது. ஆலைகளைத் தணிக்கை செய்த அந்தக் குழுவில் உள்ளூர் மக்களுக்கும் இடம் இருந்தது. அத்தகைய குழுக்களைச் சட்டப்படி நிரந்தரமாக்குவதே உண்மையான பங்கேற்பாகும்.

ஒன்றிய அரசு செல்வதோ நேர் எதிர்த்திசையில். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் திருத்தி, பல குற்றங்களுக்கு இருந்த சிறைத்தண்டனையை நீக்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாற்றியது. பெருமுதலாளிக்கு 15 லட்சம் என்பது சுத்திகரிப்புச் செலவை விட மலிவு. சில வகை ஆலைகளுக்கு முன்அனுமதியிலிருந்தே விலக்களிக்கும் அதிகாரமும் ஒன்றிய அரசின் கைக்குச் சென்றது. மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அந்த வழக்கைத் தொடுத்தது பாலாற்றுப் பகுதி மக்களின் நல அமைப்பு. மக்கள் போராடிப் பெற்றதை நாடாளுமன்றப் பெரும்பான்மை கொண்டு நீர்த்துப்போகச் செய்திருக்கின்றனர்.

ஆற்றோரக் கட்சிக் கிளைகள் தூய்மைப் பணியில் கலந்துகொள்வது நல்லது; அதோடு நிற்கலாகாது. நீர்த்தர அளவீடுகளை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்தில் தாய்மொழியில் வெளியிடுதல், மாதிரி எடுக்கும்போது மீனவர், விவசாயிகள் அமைப்புகளின் பிரதிநிதிகள் உடனிருத்தல், கிராம சபைத் தீர்மானத்தின் மீது வாரியம் குறித்த நாட்களுக்குள் நடவடிக்கை எடுத்தல் ஆகியவற்றுக்காகப் போராட வேண்டும்.

ஆலைத் தொழிலாளர்களை இதில் எதிர்த்தரப்பாக விட்டுவிடக் கூடாது. எந்த இரவில் எந்தக் குழாய் திறக்கிறது என்பதை முதலில் அறிபவர் அவர்கள்தான். ஆலை மூடப்பட்டால் அடுப்பெரியாது என்ற அச்சமே அவர்கள் வாயைக் கட்டுகிறது. ஆகவே கண்காணிப்புக் குழுவில் தொழிற்சங்கத்துக்கு இடம், மாசைச் சரிசெய்ய ஆலை நிறுத்தப்படும் நாட்களுக்கு நிர்வாகமே முழு ஊதியம் தருதல் ஆகிய இரண்டு கோரிக்கைகளும் மீனவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கையோடு ஒரே மனுவில் இடம்பெற வேண்டும்.