டெட்ராய்ட் என்று பேர் வைத்தால் போதுமா?

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நீண்டு கிடக்கும் மோட்டார்த் தொழிற்பேட்டைகளை "ஆசியாவின் டெட்ராய்ட்" என்று மந்திரிகள் மேடைக்கு மேடை புகழ்ந்து பேசுகிறார்கள். சர்க்கார் மாறினாலும் இந்தப் பல்லவி மாறுவதில்லை. அமெரிக்காவிலிருக்கும் அசல் டெட்ராய்ட்டின் கதி என்ன? 1950ல் சுமார் 18 லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. 2010ல் அங்கே எஞ்சியிருந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர். மலிவான கூலி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு முதலாளிகள் ஆலைகளை வேறிடங்களுக்குக் கொண்டு போனார்கள். 2013ல் நகர நிர்வாகமே திவால் மனுக் கொடுத்தது. நல்ல பேராகத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள்!

தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல நாம். யந்திரம் வரட்டும், உற்பத்தி பெருகட்டும் என்பதுதான் தொழிலாளி வர்க்கத்தின் கட்சி எப்போதும் சொல்லி வந்தது. ஆனால் இந்த மோட்டார்த் தொழிலை அந்நிய மூலதனம் வந்து உண்டாக்கியது போலப் பேசுவது பச்சைப் பொய். 1948லேயே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் கிளம்பிவிட்டது. பிறகு அது அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள், பாடியிலும் அம்பத்தூரிலும் உதிரிப்பாகப் பட்டறைகள் என்று ஒவ்வொன்றாக வளர்ந்தன. லேத்தும் பிரஸ்ஸும் பழகிய பல்லாயிரம் கைகள் இந்த மண்ணில் உருவாயின. போர்டும் ஹூண்டாயும் 1990களில் இங்கே வந்தது இந்தக் கைகளை நம்பித்தான். பக்கத்திலே துறைமுகம், முழுக் காரை இறக்குமதி செய்தால் கடுமையான சுங்கவரி, இங்கே பூட்டி விற்றால் அது இல்லை, போதாததற்கு நிலம், மின்சாரம், வரி என்று சர்க்கார் அள்ளிக் கொடுத்த சலுகைகள். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010ல் ஒரகடத்தில் நிஸானும் ரெனோவும், 2012ல் டெய்ம்லர் லாரிக் கம்பெனியும் உற்பத்தியைத் தொடங்கின.

இந்த ஆலைகளெல்லாம் எந்த நிலத்தின் மேல் நிற்கின்றன?

செங்கற்பட்டை ஏரிகளின் ஜில்லா என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஏரியிலிருந்து மதகு, மதகிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கழனி என்று ஒன்றோடொன்று கோத்த பாசனம் அது. கழனி போனால் ஏரிக்கு வேலையில்லை. ஏரியின் வரத்துக் கால்வாயை மதில் சுவர் மறித்தால் மழைத் தண்ணீர் ஊருக்குள் புகுந்துவிடும். நிலம் எடுப்பதற்கென்றே 1997ல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். பட்டா வைத்திருந்தவனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. அது போதாது என்று அவன் கோர்ட்டுக்காவது போக முடிந்தது. அந்த நிலத்தில் நடவு நட்டு, களை பறித்து, அறுப்பு அறுத்த கூலிப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? அவள் பேர் எந்த ரிக்கார்டிலும் இல்லை. எனவே அவள் இழந்ததும் கணக்கில் வரவில்லை. இன்று அவள் கம்பெனி வாசலில் பெருக்குகிறாள், அல்லது கான்டீனில் பாத்திரம் தேய்க்கிறாள். அதுவும் கண்டிராக்டர் மூலமாக. 2022ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரம் மக்கள் ஏன் போராட்டத்தில் இறங்கினார்கள் என்று ஆச்சரியப்படுகிறவர்கள், பக்கத்து ஊர்களில் நடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

"அம்மாவுக்கு வேலை போனாலும் பிள்ளைக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததே!" என்பார்கள். காலை ஐந்தரை மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் போய் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். உள்ளே நிரந்தரத் தொழிலாளி, பயிற்சியாளர், அப்ரண்டிஸ், கண்டிராக்ட் ஆள் என்று எத்தனை ஜாதிகள்! ஒரே பெல்ட்டின் முன் நின்று ஒரே போல்ட்டை முடுக்குகிறார்கள். கூலி மட்டும் ஒன்றாயிருப்பதில்லை. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் அப்ரண்டிஸைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவில்லை. முதலாளிகள் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வரும் பையன் வருஷக்கணக்கில் "கற்றுக்கொண்டே" இருக்கிறான். ஒரு மாதத்தில் பழகிவிடும் வேலைக்கு எத்தனை வருஷப் பயிற்சி!

பெரிய கம்பெனிக்கு ஸீட்டும் வயரும் கண்ணாடியும் தகடும் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனிகளின் நிலை இதைவிட மோசம். பெரியவன் ஸ்டாக் வைத்துக்கொள்ள மாட்டான். கேட்ட மணிக்குக் கேட்ட சரக்கு போய்ச் சேர வேண்டும். அந்த அவசரமெல்லாம் கடைசியில் பிரஸ் மிஷினில் நிற்பவன் தலையில்தான் விழுகிறது. காவல் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நாலு பீஸ் கூட வரும். விரல் போனால் போனதுதான்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த செல்வம் எங்கே போகிறது? 2024 அக்டோபரில் ஹூண்டாய் தன் பங்குகளைச் சந்தையில் விற்றது. விற்ற தொகை ஏறக்குறைய 27,870 கோடி ரூபாய். அத்தனையும் தென்கொரியாவிலுள்ள தாய்க் கம்பெனியின் கைக்குப் போயிற்று. இங்கேயுள்ள ஆலைக்கு அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். சலுகை கொடுத்த மக்களும் உழைத்த தொழிலாளரும் அந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். போர்டு இன்னும் சுலபமாகக் காரியத்தை முடித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022ல் மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. சர்க்கார் கொடுத்த சலுகையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இருபது வருஷம் உழைத்தவர்கள் ஈட்டுத் தொகைக்காக வாசலில் உட்கார வேண்டியிருந்தது.

இதையெல்லாம் தட்டிக் கேட்கச் சங்கம் வேண்டும். அந்தச் சங்கத்தைத்தான் முதலாளிகள் பொறுப்பதில்லை. 1918ல் பின்னி ஆலைத் தோழர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். சங்கத் தலைவர் வாடியா மீது முதலாளிகள் வழக்குப் போட்டு ஹைகோர்ட்டில் தடையுத்தரவு வாங்கினார்கள். அந்த அநியாயத்தின் எதிரொலியாகத்தான் 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட சென்னையில், 2010ல் ஹூண்டாய்த் தொழிலாளர் டிஸ்மிஸ் ஆன தோழர்களுக்காக ஆலைக்குள்ளேயே அமர்ந்து போராட வேண்டியிருந்தது. 2018ல் யமஹாவிலும் ராயல் என்பீல்டிலும் வேலைநிறுத்தம். 2024ல் ஸ்ரீபெரும்புதூர் ஸாம்ஸங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வெளியே நின்றார்கள். அது கார்க் கம்பெனி அல்ல, பிரிட்ஜும் டெலிவிஷனும் செய்வது. ஆனால் அதே வட்டாரம், அதே முதலாளித்துவம். சங்கத்தின் பேரில் "ஸாம்ஸங்" என்ற சொல் வரக்கூடாதாம்! அந்தப் பேரைப் பெட்டிமேல் ஒட்டியனுப்பும் கைகளுக்கு அந்தப் பேரை உச்சரிக்க உரிமையில்லையாம். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள். கோர்ட்டுக்குப் போய்த்தான் 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 1926க்கும் 2025க்கும் நடுவே ஏறக்குறைய நூறு வருஷம்!

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். ஒற்றுமையாக நின்றால் என்ன நடக்கும் என்று அப்போது பார்த்தோம். ஆனால் 2025 நவம்பர் 21 முதல் டில்லி சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலாக்கிவிட்டது. 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடச் சர்க்கார் அனுமதி வேண்டும் என்றிருந்த வரம்பு 300 பேர் ஆகிவிட்டது. உதிரிப்பாகக் கம்பெனிகளில் எத்தனையோ இந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கின்றன. எந்த ஆலையிலும் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தால் அது சட்டவிரோதம்.

அந்தப் பதினான்கு நாளில் முதலாளி சும்மா இருப்பானா? கண்டிராக்டரின் வேன் கிராமத்துத் தெருவுக்கு வரும். "இரட்டைக் கூலி, ஒரு வாரம் வேலை" என்று பையன்களைக் கூப்பிடும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் அந்த வேனைத் தெருமுனையிலேயே திருப்பியனுப்ப வேண்டும். நடவுக் கூலிக்காக நீங்கள் போராடும்போது ஆலைத் தோழர்கள் உங்கள் ஊருக்கு வர வேண்டும். பல இடங்களில் இன்னும் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

இன்னொன்று. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவன் நிரந்தரமாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981ல் ஒரு சட்டம் போடப்பட்டது. கண்டிராக்டர் பேரை மாற்றுவதும், நடுவில் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவதும் இந்தக் கணக்கைக் குழப்பத்தான். ஆகவே உங்கள் வீட்டுப் பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் எழுதி வைக்கட்டும்: தேதி, ஷிப்டு, எந்த மிஷின், எந்தக் கண்டிராக்டர் பேரில் சம்பளம் என்று. சம்பளச் சீட்டு, கேட் பாஸ், இ.எஸ்.ஐ. நம்பர், பி.எப். நம்பர் எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சங்க அலுவலகத்துக்கு வரட்டும்.