மானம் யாருக்குப் போச்சு?

"வார்த்தையில என்னங்க இருக்கு, தீர்ப்பு சரியா வந்தா போதாதா?" கோர்ட்டு மொழி பத்திப் பேச்செடுத்தா நண்பர்கள் வழக்கமா கேட்கறது இது. என் கட்சி வேற. சில நேரம் அந்த வார்த்தையிலதான் ஒருத்தரோட சோறே இருக்கு.

2010 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. கோயமுத்தூர்ல ஆரம்பிச்ச ஜீவனாம்ச வழக்கு. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, 'திருமணம் போன்ற உறவு'ல வாழ்ந்த பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனா ஒருத்தர் பணம் கொடுத்துப் பராமரிச்சு, முக்கியமா உடல் தேவைக்கோ வேலைக்காரியாவோ வச்சிருக்கற 'கீப்'புக்கு இது பொருந்தாதுன்னு நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, டி.எஸ்.தாக்கூர் அமர்வு சொல்லிடுச்சு. அப்போ கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலா இருந்த இந்திரா ஜெய்சிங் அந்த வார்த்தையைக் கடுமையா எதிர்த்தாங்க.

யோசிச்சுப் பாருங்க மக்களே. அனுபவிச்சது அவன். பேரு அவளுக்கு. அந்தப் பேராலேயே பாதுகாப்பும் போச்சு. தமிழ்ல மட்டும் என்ன வாழுதாம்? 'வைப்பாட்டி' இருக்கு, வச்சுக்கிட்டவனைக் குறிக்க அதே மாதிரி ஒத்தை வார்த்தை இருக்கா?

அடுத்தது 'மானபங்கம்'. 1860 தண்டனைச் சட்டத்துல பெண்ணோட 'மாடஸ்டி'க்குப் பங்கம்னு 354வது பிரிவு இருந்துச்சு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்து, பிரிவு எண் 74 ஆச்சு. 'மாடஸ்டி' அப்படியே இருக்கு! கை வச்சவன் ஒருத்தன், மானம் போறது இன்னொருத்தருக்கா? அடிதடி கேஸ்ல அடி வாங்கினவன் மானத்தையா விசாரிக்கறோம்?

மாத்த முடியாததும் இல்லை. சென்னையில ஒரு மாணவி உயிர் போன பிறகு 1998ல தமிழ்நாட்டுல வந்த சட்டத்துக்கு முதல்ல 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம்னுதான் பேரு. ஏதோ விளையாட்டுக்குக் கிண்டல் பண்ண மாதிரி! 2002ல அதைப் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிரான சட்டம்னு மாத்தினாங்க. 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் வெளியிட்ட கையேடும் 'கீப்', 'ஈவ் டீசிங்' மாதிரி வார்த்தைகளை விடச் சொல்லுச்சு.

நல்ல விஷயம்தான். ஆனா அது ஆங்கில வார்த்தைகளுக்கு. நம்ம ஊர் ஸ்டேஷன்ல புகார் எழுதறதும், கீழ்க்கோர்ட்டுல சாட்சி சொல்றதும் தமிழ்ல. அங்கே இன்னும் 'கற்பழிப்பு'ன்னு எழுதினா, குற்றவாளியை விட்டுட்டு அவளோட கற்பைத்தான் கூண்டுல ஏத்தறோம்.

முதல் வேலையா நம்ம பதிவுகள்ல இருந்து அந்த வார்த்தையைத் தூக்குவோம். 'பாலியல் வன்முறை'ன்னு தட்டச்ச ரெண்டு எழுத்து கூடுதலாகும், அவ்வளவுதானே?