"நான் பெத்தது பத்தலையா ஆத்தா?" - ஓரியூர் போய் வந்த ஒரு கேள்வி

எங்கள் காரைக்குடியில் யாராவது பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: "இது எனக்கு மறுபிறவிப்பா!" விபத்தில் தப்பியவர் சொல்வார். பெரிய கடனை அடைத்து முடித்தவர்கூடச் சொல்வார்.

இரண்டு மாதம் முன்பு என் தோழி ஒருத்தி கிட்டத்தட்ட அதே வார்த்தையைச் சொன்னாள். அவளுக்கு நோயும் இல்லை, விபத்தும் இல்லை. "ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கப் போறேன்டி. இது எனக்கு மறுபிறப்பு" என்றாள்.

ஏன் அந்த முடிவுக்கு வந்தாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். அதை இங்கே எழுதப் போவதில்லை. நான் எழுத வந்தது, அதைக் கேட்ட அவள் அம்மாவின் கேள்வியை. அம்மா கத்தவில்லை, அழவில்லை. அடுப்படியில் நின்றபடியே திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"நான் பெத்தது பத்தலையா ஆத்தா? இன்னொரு தடவை பொறக்கப் போறியாக்கும்?"

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாடு மட்டும் தட்டில் வரும்.

ராத்திரியில் வந்த பெரியவர்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. கிட்டத்தட்ட 2,000 வருடங்களுக்கு முன்பே இதே கேள்வியை ஒருவர் கேட்டிருக்கிறார். பைபிளில், யோவான் நற்செய்தியின் 3-ம் அதிகாரத்தில் அவர் வருகிறார். பெயர் நிக்கொதேம். யூதர்களில் பெரிய மனிதர், மறைநூல் கற்பிப்பவர். அவர் இயேசுவைப் பார்க்க இரவில் வருகிறார்.

மறுபடியும் பிறந்தால்தான் கடவுளின் ஆட்சியைக் காண முடியும் என்று இயேசு சொல்ல, பெரியவர் குழம்பிப் போகிறார். வயதான ஒருவன் திரும்பவும் அம்மா வயிற்றுக்குள் போய்ப் பிறக்க முடியுமா என்று கேட்கிறார். என் தோழியின் அம்மா கேட்டதும் இதைத்தானே?

இயேசு சொன்ன பதிலின் சாரம்: இது உடம்பின் பிறப்பு அல்ல, நீராலும் கடவுளின் ஆவியாலும் நடக்கிற பிறப்பு. காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் அதன் சத்தம் கேட்கும். இதுவும் அப்படித்தான்.

இந்த நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இங்கே வருகிற சொல் 'அனோதென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். இயேசு மேலிருந்து வரும் பிறப்பைச் சொல்ல, பெரியவர் அதை இரண்டாவது பிரசவமாகப் புரிந்துகொண்டார்!

நாமும் அடிக்கடி குழம்புவது இங்கேதான். நாம் சொல்கிற மறுபிறவி, இந்த உடல் போன பிறகு உயிர் வேறு உடலை எடுப்பது. கிறிஸ்தவ நம்பிக்கையில் அப்படி ஓர் அடுத்த பிறவி கிடையாது. பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. மறுபிறப்பு என்பது இரண்டுக்கும் நடுவில், இதே வாழ்க்கையில் நடப்பது. அதே அம்மா, அதே தெரு, அதே ரேஷன் கார்டு. ஆனால் மனிதர் புதியவர். பழைய ஆள் கிறிஸ்துவோடு செத்து அடக்கமாகி, புது ஆளாக எழுகிறார் என்பதற்கு அடையாளம்தான் அந்தத் தண்ணீர்.

கத்தோலிக்கர்களும் சி.எஸ்.ஐ. சபையினரும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபையினரோ, வளர்ந்த ஒருவர் மனம் திரும்பி, தானே விரும்பி முழுகி எழவேண்டும் என்பார்கள். எப்போது, எப்படி என்பதில் அவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. புது வாழ்க்கை தொடங்க வேண்டும் என்பதில் வாதம் இல்லை.

இந்த எண்ணம் நம் பக்கத்துக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. நகரத்தார் வீடுகளில் பாதரக்குடி, துலாவூர் மடங்களில் உபதேசம் பெறும் வழக்கம் இருக்கிறது. பூணூல் போட்டவரை 'இருபிறப்பாளர்' என்கிறது தமிழ். அவையும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும், பெற்றவள் கொடுத்த பிறப்புக்கு மேல் இன்னொரு தொடக்கம் உண்டு என்ற நினைப்பு நம்மிடமும் இருந்திருக்கிறது.

செம்மண் சொன்ன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி என்னை ஓரியூருக்குக் கூப்பிட்டாள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போகவேண்டும். ராமநாதபுரம் மாவட்டம். அருளானந்தர் வெட்டிக் கொல்லப்பட்ட ஊர். அவருடைய ரத்தத்தில்தான் அங்கே மண் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அதனால் அவருக்கு 'செம்மண் புனிதர்' என்றும் பெயர். இந்துக்களும் வந்து அந்த மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்.

அருளானந்தரின் சொந்தப் பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-ல் லிஸ்பன் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். சேசு சபைத் துறவியாகித் தமிழகம் வந்து, காவி கட்டி, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக வாழ்ந்தார். 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகி, பிறகு விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா போனவர் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தார்.

அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒருவர் தடியத் தேவர், மறவர் சீமையின் அரச குடும்பத்தவர். கடுமையான நோயிலிருந்து குணமானவர், கிறிஸ்தவராக விரும்பினார். அருளானந்தர் ஒரு நிபந்தனை சொன்னார். பல மனைவியர் இருக்கும் வாழ்க்கையை விட்டு, ஒரு மனைவியோடு வாழவேண்டும். தேவர் சம்மதித்தார். 1693-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் கடலாயி. கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவுப் பெண். அவர் நேராக சேதுபதியிடம் போய் முறையிட்டார். அருளானந்தர் கைதானார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 46 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. 1947-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒருவரின் மறுபிறப்புக்கு இன்னொருவர் உயிரைக் கொடுத்தார். வழக்கமாகக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். ஆனால், கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறொன்று உறுத்தியது.

"கடலாயி என்னடி தப்புச் செஞ்சா?" என்றேன். "கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்தது அவர். ஒரு நாள் திடீர்னு 'நீ வேண்டாம்'னா அவ எங்க போவா? அவர் புதுசாப் பொறந்தார். விலை கொடுத்தது சாமியார் மட்டும் இல்லையே?"

தோழி ரொம்ப நேரம் பேசவில்லை. கையிலிருந்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கிளாஸ் எடுக்கிற சிஸ்டர் 'நீ எதை விடப் போறே?'னு கேட்டாங்க. எங்கிட்ட குடியா, சூதா, விடறதுக்கு என்ன இருக்குனு நெனச்சேன். இப்போ தெரியுது. ரெண்டு மாசமா நான் வீட்டுல பெரிய ஞானி மாதிரி நடந்துக்கிட்டேன்டி. அம்மா விளக்கேத்தினா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். பிள்ளையார்பட்டி பிரசாதத்தை வாங்கல. 'உனக்கு ஒண்ணும் தெரியாது'னு சொன்னேன். நான் விடவேண்டியது எங்கம்மாவை இல்ல. இந்தத் திமிரை."

பெரியவர் என்ன ஆனார்?

திரும்பி வரும் பஸ்ஸில் நிக்கொதேம் கதையின் மிச்சத்தைப் பார்த்தோம். அன்று இரவு அவர் மறுபடி பிறந்தாரா? நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் 7-ம் அதிகாரத்தில், விசாரிக்காமல் ஒரு மனிதரைத் தீர்ப்பிடலாமா என்று இயேசுவுக்காக அவையில் வாய் திறக்கிறார். 19-ம் அதிகாரத்தில், இயேசு சிலுவையில் இறந்த பிறகு, முப்பது கிலோவுக்கும் மேல் வாசனைப் பொருள்களைச் சுமந்து வந்து அடக்கம் செய்ய உதவுகிறார். கூட இருந்த சீடர்களே சிதறி ஓடிய நேரம் அது. இருட்டில் ஒளிந்து வந்தவர், ஊர் பார்க்க வந்து நிற்கிறார்.

'நான் மறுபடி பிறந்துவிட்டேன்' என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. கூட இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். மறுபிறப்பு நடந்ததா இல்லையா என்பதற்கு முதல் சாட்சி, அடுப்படியில் நிற்கிற அம்மாதான் என்று எனக்குத் தோன்றியது.

அன்று இரவு தோழி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். "நீ பெத்தது பத்தாம இல்லம்மா. நீ பெத்ததை நான் சரியா வச்சுக்கலை" என்றாளாம். ஈஸ்டர் திருவிழிப்புக்குக் கோயிலுக்கு வந்து பக்கத்தில் உட்காரும்படியும் கேட்டிருக்கிறாள்.

அம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டபடி, "ராத்திரி எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.