ரெட்பீன் நல்லதுதான், ஆனால் பூட்டி வையுங்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதியில் விசைப்படகு வைத்திருக்கும் வீடுகளில் காகிதங்களுக்குக் குறைவே இல்லை. பதிவுச் சான்றிதழ், மீன்பிடி உரிமம், இன்சூரன்ஸ், என்ஜின் பில் என ஒரு தகரப் பெட்டி நிறைந்து விடும். படகை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றுவிட்டால், அங்குள்ள நீதிமன்றத்தில் உரிமையாளர் இந்த ஆவணங்களைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுவது பெரிய வேதனை.

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பிள்ளைகள் பி.எச்.பி.யும் படிக்கிறார்கள் என்றால் இவற்றை ஒரு டேட்டா பேஸில் போட்டு வைக்கலாமே! ஆனால் ஒரு சிக்கல். டேட்டா பேஸ் டேபிளில் என்னென்ன நெட்டுவரிசைகள் வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்திட வேண்டும். இன்சூரன்ஸில் பாலிசி எண் உண்டு. என்ஜின் பில்லில் குதிரைத்திறன் உண்டு. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது.

இங்குதான் ரெட்பீன் என்ற இலவச பி.எச்.பி. லைப்ரரி கை கொடுக்கிறது. எக்ஸ்.ஏ.எம்.பி.பி. தொகுப்பை இன்ஸ்டால் செய்துவிட்டு, ரெட்பீனின் ஒரே ஒரு பைலை டவுன்லோட் செய்து உங்கள் புரோகிராமில் இணைத்தால் போதும். நீங்கள் தரும் தகவலுக்கு ஏற்ப அதுவே டேபிளையும் நெட்டுவரிசைகளையும் உருவாக்கிக் கொள்ளும். வீட்டு உபயோகத்திற்கு எஸ்.க்யூ.லைட் போதும், டேட்டா பேஸ் முழுவதும் ஒரே பைலில் அடங்கிவிடும்.

இந்த வசதியே ஆபத்தும் கூட என்பது என் கருத்து. உரிமம் முடியும் தேதிக்கான பெயரை ஒரு நாள் ஓர் எழுத்து மாற்றி டைப் செய்துவிட்டால், ரெட்பீன் தவறு என்று சொல்லாது. புதிய நெட்டுவரிசை ஒன்றை உருவாக்கி அதில் போட்டுவிடும். பிறகு தேடினால் அந்த உரிமம் மட்டும் பட்டியலில் வராது. ஆவணம் உள்ளேதான் இருக்கும். ஆனால் இல்லாதது போலத்தான்!

எனவே ஒவ்வொரு வகை ஆவணத்திலும் ஒன்றை முழுமையாகப் பதிந்து பார்த்தவுடன், ஃப்ரீஸ் என்ற கட்டளையைக் கொடுத்துப் பூட்டி விடுங்கள். அதன் பின் எழுத்துப் பிழை வந்தால் எர்ரர் செய்தி கிடைக்கும். இதைப் பலர் அப்புறம் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

பைல் எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் டெம்ப் போல்டரில் தற்காலிக டேட்டா பேஸ் ஒன்று உருவாகும். டிஸ்க்கைச் சுத்தம் செய்திடும்போது அதுவும் போய்விடலாம். தேதியை 2026-04-15 என ஆண்டு முதலில் வருமாறு அமைத்தால்தான் வரிசை சரியாக வரும். ஸ்கேன் செய்த படங்களைத் தனி போல்டரில் வைத்து, பைலின் பெயரை மட்டும் டேட்டா பேஸில் பதியுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில்தான் நிற்கும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. முடித்தவுடன் டேட்டா பேஸ் பைலையும் பட போல்டரையும் பென் டிரைவில் காப்பி செய்து, வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். தகரப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்; ஒரிஜினல் அதில்தானே இருக்கிறது!